மூக்குக் கனத்த கெப்: உயரம் வேறு, விறைப்பு வேறு

முன்னால் காப்புக்கு இரும்பு புல்பாரும், கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் விஞ்சும் புதிதாகப் பூட்டிய டபுள் கெப் பிக்கப்பைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். பின்பக்கம் எழும்பி நிற்க, முன்பக்கம் வீதியை முகர்ந்துகொண்டு போகும். உள்வீதி வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த கிழமை வண்டிக்காரர் கராஜுக்குத் திரும்பி வந்து சொல்வது அநேகமாக ஒரே வசனம்தான்: "பாஸ், டோர்ஷன் பாரை இன்னும் ரெண்டு சுத்து ஏத்திவிடுங்க." முறுகியே ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டுதான் டோர்ஷன் பார். மெக்கானிக் பாஸும் அதன் போல்ட்டை ஏத்திவிடுவார். மூக்கு நிமிரும், சத்தம் குறையும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முன் டயர் இரண்டும் ஒரு ஓரத்தில் மொட்டையாகியிருக்கும். சில்லைச் சுழற்றும் மூட்டின் ரப்பர் உறையான சி.வி. பூட் கிழிந்து, சில்லின் உட்பக்கமெல்லாம் கிரீஸ் அப்பிக் கிடக்கும்.

அந்த இரண்டு சுற்றில் பிழை இல்லை. ஏன் இரண்டு, எதற்காக என்று ஒருவரும் கணக்குப் பார்க்காததுதான் பிழை. முன் சஸ்பென்ஷனில் உயரம் என்பது ஒன்று, விறைப்பு என்பது இன்னொன்று. போல்ட்டை இறுக்கினால் உயரம் மாறும். பாரின் விறைப்பு அப்படியே இருக்கும். தடித்த பார் போட்டால் விறைப்பு மாறும். உயரத்தைத் திரும்பவும் தனியாக வைக்க வேண்டும். இரண்டையும் 'இறுக்குறது' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல.

இலங்கையில் இது பழங்கதையாகவும் போகவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளைத்தான் எல்லோரும் தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். 1990களின் மொன்டெரோ, பழைய எல்200, டி22 நவாரா, எல்என்166 ஹைலக்ஸ், 2002இல் வந்த முதல் டி-மேக்ஸ் என்று ஃபோர்வீல் வண்டிகளில் பல முன்பக்கம் டோர்ஷன் பாரில் நிற்பவை. 2005க்குப் பிந்திய ஹைலக்ஸும் எல்200உம் கொயில் ஸ்பிரிங். அதற்கும் பழைய எல்என்106 ஹைலக்ஸில் முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். சிங்களத்தில் 'துனு கொல', வில்லின் இலை என்பார்கள். எந்த வகையானாலும் கணக்கு ஒன்றே.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். இரும்பு புல்பார் 50 கிலோ, 9,500 இறாத்தல் இழுக்கும் மின்விஞ்ச் இரும்புக் கயிறோடு 40 கிலோ, ரோலர், லைட், சக்கிள் எல்லாம் 10 கிலோ. கழற்றி வைத்த பழைய பம்பர் 10 கிலோவைக் கழித்தால் கூடுதல் பாரம் 90 கிலோ. முன் எக்ஸலில் 90 கிலோதான் ஏறும் என்று நினைத்தால் அங்கேயே கணக்குப் பிழைக்கிறது. பாரம் இரண்டு எக்ஸலுக்கும் நடுவில் இல்லை. முன் எக்ஸலுக்கும் முன்னால், காற்றில் தொங்குகிறது. முன் சில்லு நெம்பின் தாங்குகட்டையாகிறது, பின்பக்கம் தூக்கப்படுகிறது. 2005க்குப் பிந்திய ஹைலக்ஸின் சில்லிடைத் தூரம் 3,085 மி.மீ. பாரத்தின் மையம் முன் எக்ஸலுக்கு 800 மி.மீ. முன்னால் என்று வையுங்கள். 800ஐ 3,085ஆல் வகுத்தால் 0.26. முன் எக்ஸலில் ஏறுவது 90 கிலோவும் அதன் 0.26 பங்கும், மொத்தம் 113 கிலோ. பின் எக்ஸலில் 23 கிலோ குறைகிறது. பின்பக்கம் எழும்பி நிற்பதற்குக் காரணம் இந்த 23 கிலோவும்தான், முன்பக்கம் தாழ்ந்தது மட்டுமல்ல.

இதே கணக்கின் கொடிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் கனடாவைக் கேளுங்கள். ஸ்காபரோவில் உள்ள மச்சான்மாரில் யாராவது குளிர்காலத்தில் ஸ்னோ தள்ளும் பிளேடு பூட்டிப் பக்க வருமானம் தேடுபவராக இருப்பார். 300 கிலோ பிளேடு, மையம் எக்ஸலுக்கு 1.5 மீட்டர் முன்னால். அதை நம்முடைய ஹைலக்ஸ் அளவு வண்டியில் மாட்டினால் முன் எக்ஸலில் 446 கிலோ ஏறும், பின்னால் 146 கிலோ குறையும். அதனால்தான் அங்கே பெரிய பிக்கப்களுக்குப் பிளேடுக்கென்றே தடித்த முன் ஸ்பிரிங்கோடு தொழிற்சாலைத் தெரிவு ஒன்று இருக்கிறது. பின் எக்ஸலுக்குப் பின்னால் மண்மூட்டை கட்டச் சொல்வதும் அதற்காகத்தான். 200 கிலோவை பின் எக்ஸலுக்கு 600 மி.மீ. பின்னால் வைத்தால் முன்பக்கம் 39 கிலோ இறங்கும்.

ஆனால் அந்தப் பிளேடுக்கும் நம்முடைய விஞ்சுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. பிளேடு வந்துபோகும் பாரம். தரையில் இறக்கினால் பாரம் போய்விடும், தூக்கினால் வந்துவிடும், வசந்தத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். உயரத்தை மட்டும் ஏற்றிவைத்தால் கழற்றிய அன்று வண்டி வானத்தைப் பார்க்கும். எனவே அங்கே அமுங்கினால் மட்டும் கைகொடுக்கும் தடித்த ரப்பர் துணை ஸ்பிரிங்கைப் பூட்டுகிறார்கள். விஞ்ச் அப்படியல்ல, பூட்டியது பூட்டியதுதான். நிரந்தரப் பாரத்துக்கு வேறு மருந்து. இணையத்தில் பிளேடுக்காரர்களின் அறிவுரையைப் படித்துவிட்டு அதே ரப்பரை இங்கே விஞ்ச் வண்டிக்குப் போட்டால், அது எந்நேரமும் பாதி அமுங்கியபடியே இருக்கும். சின்னக் குழியிலும் ஸ்டியரிங்கில் உதைக்கும்.

நிறுத்துப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். பழைய இரும்பு வாங்கும் யார்டுகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். டாங்க் நிறைய எண்ணெய், சாரதி ஆசனத்தில் ஆள், பின்தட்டு வெறுமை. முன் சில்லுகள் மட்டும் மேடையில் ஏற, கியரை நியூட்ரலில் விட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் வாசிக்க வேண்டும். மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக இல்லாவிட்டால் வாசிப்புப் பிழைக்கும். புல்பார் பூட்ட முன் ஒரு தடவை, பூட்டிய பின் ஒரு தடவை. பிறகு அந்த எண்ணை வண்டியின் தகட்டிலோ கைநூலிலோ உள்ள முன் எக்ஸல் எல்லையோடு ஒப்பிடுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: எவ்வளவு தடித்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த எல்லை ஒரு கிலோவும் கூடாது. வீல் பெயாரிங், போல் ஜொயின்ட், கீழ்க்கை, பிரேக் எல்லாம் பழையவைதானே.

எவ்வளவு விறைப்புத் தேவை என்ற கேள்வியில்தான் கடைக்காரர்களோடு எனக்குப் பிணக்கு. கொழும்பின் உதிரிப்பாகக் கடைவீதியான பஞ்சிகாவத்தையில் 'ஹெவி' என்று கேட்டால் கையில் கிடைக்கும் ஆகத் தடித்ததை எடுத்து நீட்டுவார்கள். கணக்கோ அடக்கமானது. ஒரு முன் சில்லுக்கு மேல் நிற்கும் பாரம் 500 கிலோ என்று வைப்போம். 113 கிலோவில் பாதி, 57 கிலோ, ஒவ்வொரு சில்லுக்கும் கூடுகிறது. அதாவது 11 சதவீதம். வண்டி முன்பு ஆடிய அதே தாளத்தில் ஆட வேண்டுமானால் ஸ்பிரிங்கின் விறைப்பும் அதே 11 சதவீதம் கூடினால் போதும். கிறவல் வீதியில் அடிக்கடி ஓடுபவர் 20 வரை போகலாம். 40, 50 சதவீதம் கூட்டுவது 150, 200 கிலோ சுமக்கப்போகும் வண்டிக்கு உரியது. 90 கிலோவுக்கு அதைப் போட்டால் வண்டி துள்ளும், ஈரத் தாரில் பிடி குறையும், ஏறி இருப்பவர்களின் முதுகு பேசும்.

ஸ்பிரிங் விறைப்பைக் கடைவாசலிலேயே கணக்கிடலாம். வேர்னியரும் நாடாவும் போதும். கொயில் ஸ்பிரிங்கில் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கை (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) 78,500ஆல் பெருக்குங்கள். சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கை எடுத்து, அதை 8ஆலும் வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, முன்னதை இதனால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் என்று வரும். அளவெல்லாம் மி.மீ.இல். சராசரி விட்டம் என்பது வெளிவிட்டத்தில் ஒரு கம்பித் தடிப்பைக் கழித்தது. நுனியில் தட்டையாகத் தட்டில் உட்காரும் சுருள்களை எண்ணக்கூடாது. 15 மி.மீ. கம்பி, 100 மி.மீ. சராசரி விட்டம், 6 சுருள் என்றால் 83 நியூட்டன். கம்பி 16 ஆனால் 107. ஒரே ஒரு மி.மீ. தடிப்பில் 29 சதவீதம்! பெயின்டின் மேலால் அளந்து அரை மி.மீ. பிழைத்தால்கூட 14 சதவீதம் பிழைக்கும். நமக்குத் தேவையான மொத்தக் கூடுதலே 11தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் பெயின்டைச் சுரண்ட விடாத கடையில் வாங்காதீர்கள். நிறக் கோடுகளையும் நம்ப வேண்டாம், பழைய ஸ்பிரிங்குக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது பெரிய வித்தையா?

டோர்ஷன் பாரும் அப்படித்தான், விட்டத்தின் நான்காம் அடுக்கு. 24 மி.மீ. பாருக்குப் பதில் 25 போட்டால் 18 சதவீதம், 26 போட்டால் 38 சதவீதம் விறைப்பு. நீளம் கூடினால் அதே விகிதத்தில் விறைப்புக் குறையும்.

ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு சில்லில் அப்படியே தெரியாது. சில்லைச் சேசிஸோடு இணைக்கும் விஷ்போன் கையின் நடுவில் ஸ்பிரிங் நிற்பதால், சில்லு 100 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 60 மி.மீ.தான் அமுங்கும் என்று வையுங்கள். விகிதம் 0.6, சில்லில் விறைப்பு அதன் வர்க்கத்தால் குறையும், 0.36. ஆக 83 நியூட்டன் ஸ்பிரிங் சில்லில் 30 நியூட்டன்தான். 57 கிலோ என்பது 559 நியூட்டன். 30ஆல் வகுத்தால் மூக்கு 18, 19 மி.மீ. தாழும். கண்ணுக்கு நிறையத் தாழ்ந்ததுபோல் தெரிவது பின்பக்கமும் எழும்பியதால்தான். அதே 0.6 இன்னொரு இடத்தில் ஆளைக் கவிழ்க்கும். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் சொக்கும் ஒன்றாய் நிற்கும் தூண்) தலையில் 30 மி.மீ. வளையம் வைத்தால் வண்டி 30 மி.மீ. எழும்பும் என்று நினைக்கிறார்கள், எழும்புவது 50. இழந்த 18ஐத் திரும்ப எடுக்க 11 மி.மீ. வளையமே போதும்.

இனி வேலை. டோர்ஷன் பார் வண்டியை முதலில் எடுப்போம், இங்கே அதிகமாகப் பிழைப்பது அதில்தான்.

மட்டமான இடத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு சில்லிலும் ஹப்பின் மையத்திலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்வும் கணக்கில் கலந்துவிடும். பிறகு ஜக்கால் தூக்கிச் சில்லுகளைத் தொங்கவிட்டு அதே இடத்தில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சில்லு கீழே இறங்க மிச்சமுள்ள தூரம். கீழிறங்க இடமில்லாத சில்லு குழிக்கு மேல் அந்தரத்தில் போகும். மேல்கை நிறுத்து ரப்பரில் வந்து அடிக்கும். உயரம் ஏற்றிய பின் இந்தத் தூரம் 50 மி.மீ.க்குக் குறைந்தால் அளவுக்கு மிஞ்சி ஏற்றிவிட்டீர்கள் என்பது என் அளவுகோல்.

சரிசெய்யும் போல்ட் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில், பாரின் பின்நுனியில் உள்ள கொக்கிக் கையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். 20 வருடச் சேறு அதன் புரியில் காய்ந்திருக்கும். முதல்நாள் மாலையே வயர் பிரஷ் போட்டு, கறள் இளக்கும் எண்ணெய் அடித்துவிட வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தி வைக்கும் வண்டியென்றால் இரண்டு நாள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, சில்லுகள் தொங்கிய நிலையில்தான் போல்ட்டைத் திருப்ப வேண்டும். சில்லு தரையில் நிற்க, நீளக் குழாயைச் சாவியில் செருகி இரண்டு பேர் தொங்கித் திருப்புவதைப் பல கராஜில் காணலாம். போல்ட்டின் புரி அப்போதே உரியத் தொடங்கும். இன்றைக்குப் பிடிக்கும், ஹட்டன் ஏற்றத்தில் ஒருநாள் விட்டுவிடும்.

வெளியே தெரியும் புரியின் நீளத்தை வேர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு, இருபக்கமும் ஒரு சுற்று. இறக்கி, வண்டியை நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஜக்கிலிருந்து இறங்கிய சில்லுகள் உள்நோக்கி ஒடுங்கி நிற்கும். உருளாமல் டயர் விரியாது, அளந்தால் 20, 30 மி.மீ. பொய்யாகக் காட்டும். பம்பரில் ஏறி நின்று மூன்று நான்கு தடவை அமுக்கிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்று இப்போது தெரிந்துவிட்டது. மிச்சத்தைக் கணக்குப்படி திருப்பலாம். இருபக்கமும் ஒரே எண்ணிக்கை வர வேண்டியதில்லை. சாரதி பக்கப் பாரமும் எண்ணெய் டாங்கும் ஒரு பக்கத்தைக் கூடுதலாக அமுக்கியிருக்கும். இறுதி அளவு இடம் வலம் 5 மி.மீ.க்குள் நின்றால் விட்டுவிடுங்கள்.

பாரையே மாற்றுவதென்றால் இன்னும் கவனம். முறுக்கேறிய பாரில் அடைபட்டிருக்கும் சக்தி கையை உடைக்கப் போதும். சில்லு தொங்காமல் சரிசெய்யும் போல்ட்டை முழுதாகக் கழற்றக் கூடாது. கழற்ற முன் பார், முன்கை, பின்கொக்கி மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் குறி போட வேண்டும், பல் ஒன்று மாறினால் போல்ட்டுக்குப் புரி போதாது அல்லது மூக்கு வானத்தில் நிற்கும். பாரின் நுனியில் எல், ஆர் என்று இடம் வலம் குத்தியிருக்கும். அழகுக்கல்ல. அந்தப் பாரைத் தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் மட்டும் மிகையாக முறுக்கிப் பழக்கியிருக்கிறார்கள். மாற்றிப் பூட்டினால் எதிர்த்திசை முறுக்கில் சீக்கிரம் தளர்ந்து தாழும், அல்லது உடையும்.

பழைய பார் வாங்குபவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். பாரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, விரல்நகத்தை நுனி முதல் நுனி வரை மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே நின்று பாருங்கள். பைப் சாவியின் பல் பதிந்த கீறல், கல் தெறித்த குழி, பெயின்ட் உரிந்து கறள் அரித்த புள்ளி, எதுவாகவும் இருக்கலாம். முறுக்கு இரும்பில் ஆகக் கூடிய இழுபாடு மேற்தோலில்தான். அந்தக் கீறல்தான் வெடிப்பின் விதை. அதனால் பாரைக் கழற்றும்போது பைப் சாவி பிடிக்காதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், அடம் பிடிக்கிறது என்று நெருப்புக் காட்டாதீர்கள். செப்புச் சுத்தியலும் பொறுமையும் போதும். பூட்டும்போது பல்லில் கிரீஸ், தூசி ரப்பர் புதிது, கீறிய பெயின்டுக்குத் திரும்பவும் பெயின்ட். வாங்குவது எப்போதும் சோடியாக, ஒரே வண்டியிலிருந்து.

கொயில் வண்டியில் ஆபத்து வேறிடத்தில். ஸ்ட்ரட்டின் மேல் நடுநட்டை, ஸ்பிரிங்கை அமுக்காமல் கழற்றினால் அது ஆளைக் கொல்லும். இரண்டு கொக்கிக் கம்ப்ரெசரை எதிரெதிரே போட்டுச் சமமாகத் திருப்பி, ஸ்பிரிங் தட்டைவிட்டுக் கையால் அசைகிறதா என்று பார்த்த பிறகே அந்த நட்டில் கை வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் தலைவளையம், ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கும் உள்வளையம் எதுவானாலும் அது உயரம் மட்டும் தரும். தலைவளையத்தில் இன்னொரு சிக்கல்: சொக்கின் நீளம் கூடியதுபோல் ஆகி, சில்லு முன்பைவிடக் கீழே தொங்கும். மேல் போல் ஜொயின்டும் சி.வி.யும் தங்கள் எல்லையைத் தாண்டும். 11 மி.மீ.க்கு இது பெரிய பிரச்சினையல்ல, 30க்கு ஆகும்.

சுருளுக்கு இடையில் செருகும் ரப்பர் வளையம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அது உண்மையில் விறைப்பைக் கூட்டத்தான் செய்யும்: 8 சுருளில் ஒன்றைப் பூட்டிவிட்டால் மிச்சம் 7, விறைப்பு 14 சதவீதம் கூடும். கணக்குக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பரின் விளிம்பில் மண் பிடித்துப் பெயின்டை அரைக்கும், மழைநீர் தேங்கும், இரண்டு மழைக்காலம் போனால் ஸ்பிரிங் சரியாக அந்த இடத்தில் உடையும். தற்காலிகத்துக்குச் சரி. சுருளை வெட்டுவது, நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவது பற்றிப் பேச ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

பட்டை ஸ்பிரிங் எளிது. 7 பட்டை உள்ள கட்டில் அதே தடிப்பில் இன்னொன்று சேர்த்தால் ஏழில் ஒரு பங்கு, 14 சதவீதம் விறைப்பு. தடித்த பட்டை வேண்டாம், தடிப்பின் மூன்றாம் அடுக்கில் ஏறும், 6 மி.மீ.க்கு 7 போட்டால் அந்தப் பட்டை மட்டும் 59 சதவீதம் கூடுதல் விறைப்பு. பட்டைக் கட்டை எக்ஸலோடு பிடிக்கும் யூ போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுபடி பிடிக்காது. அது தளர்ந்தால் நடுப்போல்ட் அறுந்து எக்ஸல் பின்னால் நழுவும்.

சொக்கை மறந்துவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது அரைவேலை. ஸ்பிரிங் துள்ளலைத் தாங்கும், சொக்தான் அதை அடக்கும். விறைப்பும் பாரமும் 11 சதவீதம் கூடினால் அடக்கும் வலுவும் அதே அளவு கூட வேண்டும். நல்ல நிலையில் உள்ள சொக் இதைச் சமாளிக்கும். 29 சதவீதம் விறைத்த ஸ்பிரிங் போட்டால் 20 சதவீதம் வலுக் கூடிய சொக் தேவை. பழைய சொக் என்றால் கழற்றி நிமிர்த்திப் பிடித்துக் கையால் ஏற்றி இறக்குங்கள். நடுவில் எங்காவது தடையின்றி 'பொசுக்' என்று போனால் குப்பை. தண்டில் எண்ணெய்ப் பூச்சு மெல்லியதாகத் தெரிவது சகஜம். உடம்பெல்லாம் வடிந்து மண் ஒட்டியிருந்தால் முடிந்தது.

திரும்பப் பூட்டும்போது கராஜ்களில் அநேகமாகத் தவறவிடும் ஒன்று உண்டு. கைகளின் புஷ் போல்ட்களை வண்டி ஜக்கில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடுவார்கள். அந்த ரப்பர் புஷ்கள் சுழல்பவை அல்ல, முறுகுபவை. தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதே அவை பாதி முறுகியிருக்கும்; சில மாதங்களில் கிழியும், உயரத்தையும் பொய்யாக்கும். கையால் பிடித்துவிட்டு இறக்கி, உருட்டி, அமுக்கி, சில்லு தரையில் நிற்கும்போது இறுதி இறுக்கு.

உயரம் மாறினால் எலைன்மென்ட் கட்டாயம், அதே நாளில். டோ (மேலிருந்து பார்க்கச் சில்லு உள்ளே வெளியே திரும்பிய கோணம்), கேம்பர் (முன்னிருந்து பார்க்கச் சில்லு சாய்ந்த கோணம்) இரண்டும் உயரத்தோடு சேர்ந்தே மாறும். சில வண்டிகளில் மேல்கைக்கு அடியில் ஷிம் தகடு வைத்துத் திருத்துவார்கள், வேறு சிலவற்றில் கீழ்க்கையில், திருப்பினால் கையை நகர்த்தும் கேம் போல்ட். கேம் போல்ட் கறளில் இறுகிப்போன வண்டியில், "டோ மட்டும் வச்சிருக்கேன், மத்தது சரி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டோ, கேம்பர், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) என்ற மூன்று கோணங்களின் எண்ணையும் அச்செடுத்துக் கேளுங்கள். போல்ட் அசையாவிட்டால் கிரைண்டரால் அறுத்து, போல்ட்டும் புஷ்ஷும் புதிதாகப் போடுவதுதான் வழி. டயர் சோடி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு.

ஹெட்லைட்டும் அன்றைக்கே. மூக்கு 30 மி.மீ. எழும்பினால், 3,085 மி.மீ. வண்டியில் 25 மீட்டர் தூரத்தில் ஒளி 24 சென்டிமீட்டர் உயரும். எதிரே வரும் முச்சக்கர வண்டிக்காரரின் கண்ணுக்குச் சரியாக.

இவ்வளவும் செய்ய முன் பாரத்தையே குறைக்க முடியுமா என்று பார்ப்பது புத்தி. விஞ்சின் இரும்புக் கயிறுக்கும் ரோலருக்கும் பதில் செயற்கை நார்க்கயிறும் அலுமினிய வாயும் போட்டால் 10 கிலோ போகும், அதுவும் வண்டியின் ஆக முன்நுனியில். முன் எக்ஸலுக்கு அது 13 கிலோ. கொழும்பு வெயில் அந்தக் கயிற்றைத் தின்னும், மூடி போட்டு வையுங்கள். இரண்டாவது பற்றரி வைப்பதானால் போனட்டுக்குள் வேண்டாம், பின்தட்டில். காற்றுப்பை (எயர்பேக்) உள்ள வண்டிக்கு அந்த மொடலுக்கென்றே செய்த புல்பாரைத் தவிர வேறு வேண்டாம். வாங்க முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசிப் பரீட்சைக்கு 50 ரூபாய்ச் சாமானும் வேண்டாம். சொக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டியை நெருக்கமாகச் சுற்றி, தூசி ரப்பருக்கு உள்ளே, சொக்கின் உடம்போடு ஒட்டத் தள்ளிவிடுங்கள். வழக்கமான வேகத்தடைகளில் ஓட்டி, முடிந்தால் அவிசாவளையால் ஏறி கினிகத்தேனை வரை போய்வந்து பாருங்கள். சொக் அமுங்கும்போதெல்லாம் அதன் உடம்பு பட்டியை மேலே தள்ளும். திரும்பி வரும்போது அது அங்கேயே நிற்கும். பட்டி நிறுத்து ரப்பரோடு போய் நசுங்கியிருந்தால் ஸ்பிரிங் போதாது. பாதித் தூரமும் ஏறாமல் நின்றால் அளவுக்கு மிஞ்சி விறைத்திருக்கிறது. முக்கால் தூரத்தில் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் உயரத்தைத் திரும்ப அளந்து, புது ஸ்பிரிங் படிந்ததில் குறைந்த 4, 5 மி.மீ.யைப் போல்ட்டில் எடுத்துக்கொண்டால் சரி. சில்லுகள் தொங்கிய நிலையில்தான், மறந்துவிடாதீர்கள்.